ஐந்து மணி முதல் ஏழு மணி வரை: இல்லம் தேடிக் கல்வியும் அதைத் தாங்கிய பெண்களும்

கொரோனா காலத்தில் பெண்கள் ஆற்றிய பங்கைப் பேச முற்படுபவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறார்கள். முழுக்கவச உடைக்குள் வியர்த்துக் கிடந்த செவிலியர், தகரம் வைத்து அடைத்த தெருவுக்குள் நுழைந்து குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த கிராமச் சுகாதாரச் செவிலியர், முகக்கவசம் தைத்துக் கொடுத்த மகளிர் குழுவினர் ஆகியோரே அந்தப் பேச்சில் முதலில் வருகிறார்கள், வரவும் வேண்டும். இந்த நிகழ்வு ஆய்வு எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பிறகு வந்தவர்களை. இரண்டாம் அலை ஓய்ந்து, கடைகள் திறந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கிய 2021-ஆம் ஆண்டின் இறுதியில், தங்கள் தெருப் பிள்ளைகளை மாலை நேரத்தில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டவும் கழித்தல் போடவும் சொல்லிக்கொடுத்த இளம்பெண்களே இதன் மையம். அவர்களை வலிமையான பெண்கள் என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. அந்த வலிமையை யார் சேர்த்துவைத்தார்கள், எந்த ஏற்பாடு அதை வெளியே கொண்டுவந்தது, அதற்கு என்ன விலை தரப்பட்டது என்று பார்ப்பதே என் நோக்கம்.

நான் சமூகப்பணி முதுகலை மாணவி. படிப்பின் பகுதியான களப்பணிக்காக விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றில், தமிழ்நாடு அரசின் மாலைநேரக் கற்பித்தல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் மையங்களுக்குச் சென்று பார்த்தேன். தன்னார்வலர்களிடமும் தாய்மார்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் பேசினேன். ஊரின் பெயரையும் பேசியவர்களின் பெயர்களையும் தரவில்லை. சிறிய ஊரில் இன்ன தெருவில் பட்டம் படித்த மருமகள் என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால், அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. அந்த மாதத்திலேயே பள்ளிகள் மூடப்பட்டன. 10, 12-ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரியில் கதவு திறந்து, இரண்டாம் அலை வந்ததும் மீண்டும் அடைபட்டது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் தொடங்கின. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், அதாவது வீட்டில் தாமாகப் படித்துக்கொள்ள முடியாதவர்கள், எல்லோரையும்விட நீண்ட காலம் வெளியே இருந்தார்கள் என்பது இந்தத் தேதிகளிலேயே தெரிகிறது.

இதை வகுப்புக் கணக்கில் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, உயிர்மெய் எழுத்துகளை அரைகுறையாக முடித்த நிலையில் வீட்டுக்குப் போய், 2021 நவம்பரில் மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளையோ வகுப்பறையில் ஒரு நாள்கூட உட்காராமலே ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருந்தது. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பாடத்தாள்களை அனுப்பினார்கள். நான் பேசிய வீடுகள் பலவற்றில் தொடுதிரைக் கைப்பேசி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பியது. அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்றால் தங்கையின் இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு அந்த இரவிலும் இடமில்லை.

இந்த இடைவெளியில் வேறு அபாயங்களும் புகுந்தன. பெருந்தொற்றின் விளைவாக அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் கூடுதலாக 1 கோடிச் சிறுமிகள் குழந்தைத் திருமணத்துக்கு ஆளாகக்கூடும் என்று யுனிசெஃப் 2021 மார்ச்சில் எச்சரித்தது. பள்ளிக்கூடம் என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமல்ல, ஒரு பெண்பிள்ளை நாள்தோறும் எங்கே இருக்கிறாள் என்பதற்கு வெளியாள் ஒருவர் வைத்திருக்கும் கணக்கும்கூட. வருகைப் பதிவேடு மூடப்பட்டபோது அந்தக் கணக்கும் நின்றுபோனது.

திட்டத்தின் அமைப்பு

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாக 12 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்து, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. அமைப்பு எளிமையானது. 1 முதல் 8 வரையிலான அரசுப் பள்ளி வகுப்புகளின் பிள்ளைகளுக்கு, பள்ளி நேரம் முடிந்த பின், மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், அதே குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்றுத்தந்தார். ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் தகுதி. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இடம் வீட்டுத் திண்ணையாகவோ சமுதாயக் கூடமாகவோ அங்கன்வாடியாகவோ மரத்தடியாகவோ இருந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

தொடக்கத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் தன்னார்வலர்களைக் கற்பித்தலில் ஈடுபடுத்தும் யோசனை இடம்பெற்றிருந்ததால், அது பின்வாசல் வழியாக நுழைகிறதோ என்ற ஐயத்தைத் திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி உள்ளிட்டோர் எழுப்பினார்கள். யார் வேண்டுமானாலும் பிள்ளைகளிடம் வந்து எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியுமே என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. ஆசிரியர்களுக்கு மாற்றாக அல்லாமல் பள்ளி நேரத்துக்கு வெளியே மட்டுமே திட்டம் நடக்கும் என்பது அரசின் நிலைப்பாடு. அந்த ஐயம் தேவையற்றது என்று நான் கருதவில்லை. பயிற்சி பெறாத ஒருவரைக் குறைந்த தொகைக்குக் கற்பிக்கவைக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அது நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை மெல்ல அரிக்கக்கூடும். ஆனால் நான் பார்த்த ஊரில் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இடையில் போட்டியைவிடப் பங்கீடே தெரிந்தது. பகலில் பாடத்தை நகர்த்த வேண்டிய நெருக்கடியில் இருந்த ஆசிரியர், எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைகளின் பெயர்களைத் தாளில் எழுதி மாலை மையத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

ஒரு மையம்

நான் அதிக நேரம் இருந்த மையம், வணிகவியல் பட்டம் பெற்று அந்த ஊருக்கு மருமகளாக வந்த ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையிலும் அதை ஒட்டிய வாசலிலும் நடந்தது. அவர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரி. மூன்று வயது மகன் வகுப்பு நேரம் முழுவதும் அவர் தோளிலோ பலகைக்கு அடியிலோ இருந்தான். நாலரை மணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பையோடு வந்து நிற்பார்கள். இரவுச் சமையல் முழுவதையும் மாமியார் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதால்தான் இது நடந்தது என்று அவர் சொன்னார். மாமியார் இருபது ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர். குழுக் கூட்டம் நடந்ததும் அதே திண்ணையில்தான். வீட்டு வாசலில் அந்நியர் வந்து உட்கார்வதும், ஏட்டில் பெயர் எழுதுவதும், பணக் கணக்கு வாசிக்கப்படுவதும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. மருமகள் வகுப்பெடுக்கட்டுமா என்று கேட்டபோது வீட்டில் பெரிய வாக்குவாதம் எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கற்பித்தலை அருகிலிருந்து பார்த்ததில் இரண்டு காட்சிகளை மட்டும் பதிவு செய்கிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு அ முதல் ஃ வரையும், க, ங, ச என்ற வரிசையும் பாட்டாகத் தெரியும். ஆனால் கொக்கு என்ற சொல்லைக் காட்டினால் ஒற்றைக்கொம்பைப் பார்த்தவுடன் கெ என்று தொடங்கி, அடுத்து வரும் காலைப் பார்த்ததும் குழம்பி, அதைக் கா என்று தனியாகப் படித்து நின்றுவிடுவாள். தமிழ் எழுத்தில் ஓசைக்கு முன்னும் பின்னும் குறி வருவதால் கண் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போக வேண்டியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் நடக்க வேண்டிய பழக்கம் அது. அந்தச் சிறுமிக்கு அந்த அரை ஆண்டே இல்லாமல் போயிருந்தது. தன்னார்வலர் மூன்று சிறு அட்டைகளை வெட்டி, ஒன்றில் கொம்பும், ஒன்றில் எழுத்தும், ஒன்றில் காலும் எழுதி, காலட்டையை வைத்தும் எடுத்தும் கெ, கொ, கெ, கொ என்று மாற்றி மாற்றிச் சொல்லவைத்தார். பிறகு நடு அட்டையில் மட்டும் த, ப, ம என்று எழுத்தை மாற்றினார். இப்படி அட்டை வெட்டும்படி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. திட்டத்தில் வந்த பயிற்சி செயல்பாடுகளையும் விளையாட்டுகளையும் காட்டியிருந்தது, இந்தக் குறிப்பிட்ட முடிச்சை அவரே கண்டுபிடித்து அவிழ்த்தார்.

இன்னொன்று கழித்தல். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் வரிசையாகப் பலரும் 35 என்று எழுதினார்கள். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடும் வழக்கம் அது. அதைத் தவறு என்று அடித்துவிட்டு விடையை எழுதிப்போடுவது விரைவான வழி. அவர் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் தந்து, பதினேழு குச்சி எனக்கு வேண்டும் என்று கையை நீட்டினார். உதிரியில் ஏழு இல்லாததைப் பார்த்த பையன் ஒருவன், கேட்காமலே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினான். பள்ளியில் கடன் வாங்குதல் என்று சொல்லிக்கொடுக்கப்படும் படி அந்த ரப்பர் கழன்றதில் நடந்துமுடிந்தது. இருபது பிள்ளைகளில் யாருக்கு எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவைத்திருக்க, ஒரே தெருவில் குடியிருப்பது உதவியது. பிள்ளை வராவிட்டால் குழாயடியிலேயே அதன் அம்மாவிடம் காரணம் கேட்டுவிட முடியும்.

ஏன் பெண்கள், ஏன் இளையவர்கள்

முதல் அலையின்போது கிராமங்களில் கண்ணில் பட்ட தொண்டு பெரும்பாலும் இளைஞர்களுடையது. கல்லூரிகள் மூடிக்கிடந்ததால் ஊர் திரும்பிய பையன்கள் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், காய்கறி கட்டிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்தார்கள், இரண்டாம் அலையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் கைப்பேசியில் அலைந்தார்கள், உறவினரே அருகில் வர அஞ்சிய உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். அந்தத் துணிச்சலை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் 2021 இறுதியில் அதே பையன்களில் பலர் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நிறுவன வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். போகத்தான் வேண்டும், இரண்டு ஆண்டுக் கடன் வீட்டில் காத்திருந்தது. நெருக்கடியில் ஓடிவந்து செய்யும் உதவி ஒரு வகை. நெருக்கடி முடிந்த பிறகு வாரக்கணக்காக, மாதக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய உதவி வேறு வகை. இரண்டாவது வகைக்கு ஊரில் எஞ்சியிருந்த படித்தவர்கள் பெண்கள்.

அவர்கள் ஏன் எஞ்சியிருந்தார்கள் என்பதில் தமிழ்நாட்டின் நெடுங்காலக் கதை இருக்கிறது. 2019-20-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 51.4 சதவீதம்; நாட்டின் சராசரி 27.1. சத்துணவும், இலவசப் பேருந்து அட்டையும், மிதிவண்டியும், பெண்பிள்ளை குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால் மட்டுமே தரப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண நிதியுதவியும் சேர்ந்து பெண்களைப் படிக்கவைத்தன. அந்த உதவி பிற்காலத்தில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்று உயர்ந்தது. பட்டம் படி, பிறகு கல்யாணம் செய் என்பதுவரை அரசும் குடும்பமும் ஒத்துப்போயின. அதற்கடுத்து வேலை என்ற படியில் இருவருமே தயங்கினார்கள். பட்டமும் படிப்பும் உள்ள, ஆனால் தெருவைத் தாண்டி வேலைக்குப் போக வீட்டில் இசைவு கிடைக்காத பெண்கள் ஊர்தோறும் இருந்தார்கள். இல்லம் தேடிக் கல்வி அந்தச் சேமிப்பின்மேல்தான் கட்டப்பட்டது. சொந்தத் தெருவிலேயே, மாலையில், பிள்ளைகளோடு என்பதால் இசைவு எளிதாகக் கிடைத்தது. அதே காரணத்தால் அந்த வேலையை வேலையாகவே வீடு எண்ணவில்லை.

வடிவத்துக்கும் முன்னோடி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், ஊர் ஊராகக் கலைக்குழுக்களை அனுப்பி, உள்ளூர்த் தொண்டர்களைக் கொண்டு, இரவு நேரத்தில் விளக்கொளியில் எழுத்தறிவித்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அதே இயக்கத்தில்தான். இல்லம் தேடிக் கல்வியும் தொடக்கத்தில் பறையும் பாட்டும் நாடகமுமாகக் கலைக்குழுக்களை ஊருக்குள் அனுப்பித்தான் தன்னார்வலர்களைத் திரட்டியது. அன்று எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் கற்பவர்களாக உட்கார்ந்தார்கள். ஒரு தலைமுறை கழித்து அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் பலகைக்கு முன்னால் நின்றார்கள். சுய உதவிக் குழுக்களும், 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, இந்த இடைப்பட்ட காலத்தில்தான் வேரூன்றின. பெருந்தொற்று வந்த பிறகு ஒரு சமூகத்தைக் கட்ட முடியாது. ஏற்கெனவே கட்டப்பட்டது எவ்வளவு தாங்கும் என்று அது சோதித்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

அளவீடு சொல்வது

இத்திட்டத்தின் பயனைப் பற்றிய பேச்சு வெறும் நெகிழ்ச்சியில் நின்றுவிடாமல் இருக்க ஒரு நல்ல ஆய்வு கைவசம் இருக்கிறது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை நேரில் சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன் 2019-இலேயே அதே ஊர்களில் சோதனை நடத்தியிருந்ததால் ஒப்பிட வலுவான அடிப்படை இருந்தது. 2021 டிசம்பரில், 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணிதத்தில் 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களுடைய மதிப்பீடு. மையத்துக்கு வந்த பிள்ளைகள் மூன்று நான்கு மாதங்களில் கணிதத்தில் 0.17, தமிழில் 0.09 திட்ட விலக்கம் கூடுதலாக முன்னேறினார்கள்.

இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். மீட்சியின் பெரும்பகுதி பள்ளிக்கூடம் திறந்ததாலும் மற்ற காரணங்களாலும் வந்தது. மாலை மையம் பள்ளிக்கு மாற்று என்று யாராவது சொன்னால் இதே ஆய்வு அதை மறுக்கும். மறுபக்கம், பயிற்சி பெற்ற ஆசிரியரல்லாத, மாதம் 1,000 ரூபாய் பெறும் ஒருவர், நாளுக்கு ஒரு மணி சொச்சம் கற்பித்து, அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சாதித்தார் என்பது அசாதாரணமானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு: இழப்பு பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது, ஆனால் மீட்சியும் அவர்களிடமே அதிகமாக இருந்தது; அந்தப் பிள்ளைகளே மையங்களுக்கு அதிகம் வந்ததை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சுட்டுகிறார்கள். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீடுகள் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும்; முடியாத வீடுகளுக்குத் திண்ணை இருந்தது.

ஊர் ஒன்றல்ல

சமூகம் கைகொடுத்தது என்று எழுதும்போது எந்தச் சமூகம் என்ற கேள்வி தமிழ்நாட்டுக் கிராமத்தில் தவிர்க்க முடியாதது. தன்னார்வலர் அதே குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற விதியால், நான் பார்த்த ஊராட்சியில் ஊர்த்தெருவில் ஒரு மையமும் காலனியில் ஒரு மையமும் தனித்தனியாக நடந்தன. இதில் ஒரு நன்மை உறுதியாக இருந்தது. காலனியில் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருந்த ஓர் இளம்பெண் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஊர்த்தெரு வாசலில் தயங்கி நிற்க வேண்டிய நிலை அந்தப் பிள்ளைகளுக்கு வரவில்லை, தங்களைப் போன்ற ஒருவர் ஆசிரியராக நிற்பதை நாள்தோறும் பார்த்தார்கள். பகலில் ஒரே வகுப்பறையில் ஒன்றாக உட்கார்ந்த பிள்ளைகள் மாலையில் சாதிவாரியாகப் பிரிந்தார்கள் என்பதும் உண்மை. கல்வித் தகுதியிலும் கற்பிக்கும் திறனிலும் காலனித் தன்னார்வலரே மேலானவர் என்று பள்ளித் தலைமையாசிரியர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் ஊர்த்தெருப் பிள்ளை ஒன்றுகூட அவரிடம் படிக்கப் போகவில்லை.

பள்ளிக் கட்டடத்திலோ நூலகத்திலோ மையத்தை வைத்திருந்தால் இது மாறியிருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். அப்படி வைத்தால் இருட்டில் திரும்பி வர வேண்டும் என்று பெண்பிள்ளைகளை அனுப்பாமல் விடும் வீடுகளும் உண்டு. தன்னார்வலருக்கும் அதே தடை வரும். அருகாமை என்ற ஒரே பண்புதான் பெண்களுக்கு இந்த வேலையைத் திறந்துவிட்டது, அதுவேதான் தெருப் பிரிவினையையும் அப்படியே வைத்திருந்தது. திட்டத்தை வடிவமைப்பவர்கள் இந்த முரணை முன்கூட்டியே எடுத்துப் பேசியிருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மையங்களும் பள்ளி வளாகத்தில் சேர்ந்து நடப்பது போன்ற சிறு ஏற்பாடு செலவு பிடிக்காதது.

ஆயிரம் ரூபாய்

மாதம் 1,000 ரூபாய் வேலைநாள் கணக்கில் நாளுக்கு 40 ரூபாய் அளவுக்கே வந்தது. இது சம்பளமல்ல, ஊக்கத்தொகை என்பது அரசின் விளக்கம். நான் பேசிய தன்னார்வலர்கள் தொகையைக் குறைத்துப் பேசவில்லை. தம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் தாம் உழைத்து வந்த முதல் பணம் என்பதைப் பெருமையோடுதான் சொன்னார்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் மனநிறைவோடு ஏற்றுக்கொண்டார் என்பதாலேயே ஒரு தொகை நியாயமானதாகிவிடாது. 2020 ஆகஸ்டில், நாடு முழுவதும் தொற்றுக் கணக்கெடுப்பில் அலைந்துகொண்டிருந்த, ஆஷா எனப்படும் சமூகச் சுகாதாரப் பெண் பணியாளர்கள் ஊதியமும் பாதுகாப்பு உபகரணங்களும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு உலகளாவிய சுகாதாரத் தலைமைக்கான விருதை அளித்தது. விருதுக்குப் பிறகும் அவர்கள் தன்னார்வலர்கள் என்ற பட்டியலிலேயே நீடித்தார்கள். பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலையையும் கற்பித்தல் வேலையையும் சேவை என்று புகழும்போதெல்லாம் அதன் ஊதியம் பேச்சிலிருந்து விலகிவிடுகிறது.

ஊருக்குள் எல்லா வீடுகளையும் அறிந்த, கைப்பேசிச் செயலியில் பதிவிடத் தெரிந்த, அழைத்தால் வரக்கூடிய பெண்களின் பட்டியல் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதை வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள். அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். இதற்கிடையே கற்பித்தல் பக்கம் திட்டம் சுருங்கியது. ஆறு மாதத்துக்கென்று தொடங்கி நீட்டிக்கப்பட்ட திட்டத்தில் மையங்கள் குறைக்கப்பட்டன. தொடக்க வகுப்புகளின் அடிப்படைத் திறன்களுக்கென 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பள்ளிக்குள்ளேயே அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. பெருந்தொற்றின் இழப்பை ஈடுகட்ட வந்த ஏற்பாடு என்றென்றைக்கும் நீடிக்க வேண்டும் என்பதில்லை. அதில் கிடைத்த அனுபவத்துக்கு அடுத்த படி என்ன என்பதுதான் விடப்பட்டது.

நான் பார்த்த வணிகவியல் பட்டதாரி இப்போது பள்ளி ஆசிரியராக விரும்புகிறார். திருமணத்துக்கு முன் அவருக்கு அந்த எண்ணமே இருந்ததில்லை, திண்ணையில்தான் வந்தது. ஆனால் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமானால் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயமும், அதன்மேல் ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். சிறு குழந்தையோடு வேறு ஊரில் முழுநேரமாகப் படிக்க வீட்டில் வழியில்லை. கெ, கொ அட்டைகளைத் தாமே வெட்டிக்கொண்ட ஒருவரின் அந்த மாலைகள் எந்தப் பாடத்திட்டத்திலும் கற்பித்தல் பயிற்சி நேரமாக எண்ணப்படவில்லை. தகுதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. தகுதி பெறுவதற்கான பாதையை அவர்கள் நடந்து வரக்கூடிய தொலைவில் வைக்கலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் தன்னார்வலர்களுக்கென ஒதுக்கீடும், மைய அனுபவத்தைச் செய்முறைப் பயிற்சியின் ஒரு பகுதியாக ஏற்கும் விதியும், படிக்கும் காலத்துக்கு ஓர் உதவித்தொகையும் இருந்தால் போதும். பெயர், கல்வித் தகுதி, குடியிருப்பு, வங்கிக் கணக்கு வரை தன்னார்வலர்களின் விவரங்கள் கல்வித் துறையிடம் இருக்கின்றன. அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் தேடி அந்தப் பட்டியலைத் திறப்பதற்கு முன், அதில் உள்ளவர்களில் யாரெல்லாம் ஆசிரியப் பயிற்சியில் சேர விரும்புகிறார்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்கலாம்.